பிரிக்பீல்ட்ஸிலிருந்து டெங்கில் வரை: திடல் யாருடையது?

கோலாலம்பூர் சென்ட்ரலில் இருந்து டெங்கிலுக்கு நேரடி ரயில் கிடையாது. விமான நிலையம் போகும் ட்ரான்சிட் ரயிலில் ஏறி, புத்ராஜெயா–சைபர்ஜெயா நிலையத்தில் இறங்கி, மிச்சத் தொலைவைக் கிராப் காரில் கடக்க வேண்டும். வழியில் அரசு அலுவலகங்களின் குவிமாடங்கள், நெடுஞ்சாலை மேம்பாலங்கள், இன்னும் வெட்டப்படாமல் நிற்கும் செம்பனை வரிசைகள், 2021 டிசம்பரில் கரை உடைத்து ஊருக்குள் வந்த லங்காட் ஆறு. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் பாயா இண்டா என்ற ஈரநிலப் பூங்காவாகியிருக்கின்றன. அங்கே நீர்யானையும் முதலையும் உண்டு. டெங்கிலைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வது பெரும்பாலும் அந்தப் பூங்காவோடு முடிந்துவிடும். ஆனால் மலேசியத் தமிழரின் விளையாட்டு வரலாற்றில் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறவருக்கு இந்த ஊர் முக்கியமானது. ஓட்டத்தில் ஜெகதீசனையும் ராஜாமணியையும், கால்பந்தில் ஆறுமுகத்தையும் தந்த ஒரு சமூகத்தில், தொழில்முறைக் கூடைப்பந்தாட்டக்காரர்களை எண்ண ஒரு கை விரல்களே போதுமானதாக இருப்பது ஏன்? பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், டெங்கில் என்ற மூன்று ஊர்களையும் ஒரே பயணத்தில் வரிசையாகப் பார்த்தால் விடை மெல்லத் தெளிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் ஒரு கூடைப்பந்துக் களம் இருக்கிறதா, அந்தக் களம் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு சங்கதிகள்தான் ஒரு வீரரின் வாழ்க்கையைத் தொடங்கி வைக்கின்றன என்பது என் முடிவு. உயரம், இனம், திறமை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

பிரிக்பீல்ட்ஸில் தொடங்குவோம். பாடாங் பெலியா சாலையில், சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், கோலாலம்பூர் ஒய்.எம்.சி.ஏ. இருக்கிறது. 1905-இல் தோன்றிய அமைப்பு அது. கூடைப்பந்தும் ஒய்.எம்.சி.ஏ.வின் குழந்தைதான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கிலேயே ஓட வைக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளை அரங்கின் மேல்மாடக் கம்பியில் மாட்டி உருவாக்கிய ஆட்டம் அது. நான்கே ஆண்டில், 1895-இல், அதே அமைப்பு அதைச் சீனாவின் தியான்ஜின் நகருக்குக் கொண்டுபோனது. சென்னையிலும் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தென்னிந்தியாவின் பள்ளி விளையாட்டுக்கே ஆசான்களை உருவாக்கியது. ஆகவே கூடைப்பந்து தமிழருக்கு எட்டாத தொலைவில் பிறந்து வளர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதைச் சுமந்து வந்த அமைப்பே கோலாலம்பூரின் தமிழ்ப் பேட்டைக்குள் நூறாண்டுக்கும் மேலாக வீடு கட்டிக் குடியிருக்கிறது.

ஆனாலும் மலாயாவில் அந்த ஆட்டம் வேர்விட்டது வேறொரு மண்ணில். சீனாவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். சீனப் பள்ளிகளின் முற்றங்களிலும் குலமரபுச் சங்கங்களின் வளாகங்களிலும் அது வளர்ந்தது. அதே காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் ரயில்வேயில் வேலை செய்தார்கள், ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்தார்கள், அரசுத் துறைகளின் அணிகளில் கால்பந்தும் ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடினார்கள். 1914-இலேயே தமிழர் உடற்பயிற்சிக் கழகம் சிலாங்கூரில் தோன்றிவிட்டது. விளையாட்டில் நாட்டம் இல்லாத சமூகம் அப்படிச் செய்யாது. வெள்ளைக்கார முதலாளியும் வெள்ளைக்காரத் துறைத் தலைவரும் புல்தரை ஆட்டங்களை விரும்பினார்கள். வேலை கொடுத்தவரின் ஆட்டமே வேலை செய்தவரின் ஆட்டமானது. அந்த ஆட்டங்களில் தமிழர் நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தார்கள் என்பதை மறந்துவிட்டு எழுதுவது அநியாயம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மணி ஜெகதீசன் வென்ற மூன்று தங்கம் இன்றும் மலேசியத் தடகளத்தின் உச்சங்களில் ஒன்று.

சீனச் சமூகத்தில் கூடைப்பந்து இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிராக பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலத்தின்போது, 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் மறுகுடியேற்றத் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறிக் கிடந்த ஐந்து லட்சம் பேரளவில், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே கால்பந்துத் திடலுக்கு இடம் காண்பது எளிதல்ல. ஒரு சிமெண்டுத் தளம், இரண்டு கம்பம், இரண்டு வளையம் போதும் என்பதால் கூடைப்பந்து அங்கே பொருந்திக்கொண்டது. மாலையில் களம், இரவில் சந்தை அல்லது கோயில் விழா, மறுநாள் மறுபடியும் களம். இன்றும் மலேசியாவின் எந்தப் புதுக்கிராமத்துக்குள் நுழைந்தாலும் அந்தத் தளத்தைக் காணலாம். முக்கியமான சங்கதி இதற்கு அடுத்துதான் வருகிறது. அந்தக் களம் ஊருக்குச் சொந்தம், அல்லது ஊரார் நன்கொடை திரட்டி நடத்திய பள்ளியின் வாரியத்துக்குச் சொந்தம். முதலாளி மாறினாலும் வேலை போனாலும் களம் அங்கேயே இருந்தது.

தோட்டத்துத் தமிழரின் திடலோ வேறு வகை. ரப்பர்த் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு அருகே ஒரு புல் திடல் இருக்கும், பக்கத்தில் கோயில், சற்றுத் தள்ளிப் பள்ளி. அந்தத் திடலில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடினார்கள், கபடி ஆடினார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணம் வைத்துப் போட்டி நடத்தினார்கள். ஆனால் அந்த நிலம் கம்பெனியுடையது. பள்ளி நின்ற நிலமும் பல இடங்களில் கம்பெனியுடையதே. அதனால்தான் இன்றும் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நிற்கின்றன. ரப்பர் விலை சரிந்து, செம்பனை வந்து, பிறகு நிலமே வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, திடலும் விற்பனைப் பத்திரத்தின் ஒரு வரியாகப் போயிற்று. ஒருவர் கொடுத்ததை அவரே திரும்ப எடுத்துக்கொண்டால் கேட்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை. புதுக்கிராமமும் தோட்டமும் வறுமையில் பெரிய வேறுபாடு இல்லாதவை. ஆட்டக்களத்தின் உரிமையில்தான் அவை பிரிந்தன.

இதன் மேல் பள்ளி அமைப்பும் ஒரு பள்ளத்தை வைத்திருக்கிறது. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு, ஆனால் எல்லாமே ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. சீனத் தொடக்கப்பள்ளிகள் சுமார் 1,300. அவற்றைத் தாண்டி அறுபதுக்கும் மேற்பட்ட சுயேச்சை உயர்நிலைப்பள்ளிகள் இருக்கின்றன, சீன மரபு விடாத தேசிய வகை இடைநிலைப்பள்ளிகளும் இருக்கின்றன. கூடைப்பந்தில் பன்னிரண்டு வயது முதல் பதினேழு வயது வரையான காலம்தான் ஆட்டக்காரரை உருவாக்கும் காலம். எலும்பு நீள்கிறது, கையும் கண்ணும் ஒத்துப்போகின்றன, அணியாக ஆடும் அறிவு வருகிறது. பத்து வயதில் பந்தைத் தட்டக் கற்ற சீனப் பிள்ளை பதினாறு வயதிலும் அதே பயிற்றுநரின் கண்பார்வையில், அல்லது அவருடைய நண்பரின் கண்பார்வையில் இருக்கிறான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது. இடைநிலைப்பள்ளியில் கூடைப்பந்து அணி இருந்தாலும், முதலாம் படிவத்தில் வந்து சேரும்போது மற்றவர்கள் நான்கு ஆண்டு முன்னால் இருப்பார்கள். பயிற்சியின் பேச்சு மாண்டரினில் ஓடும் இடங்களில் அந்தப் பிள்ளை விசில் சத்தத்தையும் கைச் சைகையையும் வைத்தே ஆட்டத்தைப் படிக்க வேண்டும்.

இத்தனையையும் தாண்டி வந்தவர்கள் உண்டு என்பதுதான் இந்தப் பயணத்தின் மகிழ்ச்சியான பகுதி. குகனேஸ்வரன் பத்துமலை மலேசியத் தேசிய அணிக்கு ஆடியவர், கோலாலம்பூரின் டிராகன்ஸ் அணியில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். அதே டிராகன்ஸில் சத்தியசீலன் குப்புசாமியும் ஆடியிருக்கிறார். அணிப் பட்டியலில் இந்த இரண்டு பெயர்களைப் பார்க்கிற தமிழ்ப் பெற்றோருக்கு, தங்கள் பிள்ளைக்கும் அந்த வாசல் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை வரும். இவர்களுக்கு மேடை கொடுத்தது ஆசியான் கூடைப்பந்து லீக். 2009-இல் ஆறு அணிகளோடு தொடங்கிய அந்த லீக்கின் தலைவராக ஏர் ஆசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் இருந்தார். மணிலா, ஜகார்த்தா, பாங்காக், சிங்கப்பூர் என்று தென்கிழக்காசிய நகரங்களுக்கிடையே பறந்து பறந்து ஆடிய லீக் அது. அதற்குப் பணம் தந்த விமான நிறுவனத்தின் விமானங்கள் எழும்புவதும் டெங்கில் அடங்கிய அதே சிப்பாங் மாவட்டத்திலிருந்துதான். டிராகன்ஸின் சொந்தக் களம், மலேசியக் கூடைப்பந்துச் சங்கமான மாபாவின் அரங்கம். மெர்டேக்கா அரங்கத்துக்கும் இப்போது வானைத் தொட்டு நிற்கும் மெர்டேக்கா 118 கோபுரத்துக்கும் அருகே, ஹங் ஜெபாட் சாலையில் அது இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பார்த்தால் அடுத்த பேட்டை.

கிள்ளானுக்குப் போகிறவர் பெரும்பாலும் தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய இடம் அதைத் தாண்டி, பாலம் கடந்து, பூலாவ் இண்டாவில் இருக்கிறது. வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம் அது. சதுப்பு நிலத்தில் எழுந்த அந்தத் துறைமுகத்தை உலகின் பெரிய சரக்குப் பெட்டகத் துறைகளின் வரிசைக்குக் கொண்டுவந்தவர், 2023-இல் மறைந்த தான்ஸ்ரீ ஜி. ஞானலிங்கம் என்ற தமிழர். அந்தத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்று ஆடிய அணி, 2016-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை ஐந்து ஆட்ட இறுதித் தொடரில் 3-2 என வென்று ஆசியான் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தப் பருவத்தின் பயிற்சியாளர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஏரியல் வங்கார்டியா. அமெரிக்கரான ரெஜி ஜான்சன், கால்வின் காட்ஃப்ரி, பிலிப்பினோ மரபில் வந்த ஜேசன் பிரிக்மன், மேத்யூ ரைட் ஆகியோர் ஆட்டத்தின் பெரும் சுமையைத் தாங்கினார்கள். லீக் விதிகள் அப்படி வெளியாரைச் சேர்க்க இடம் கொடுத்தன, எல்லா அணிகளும் அதையே செய்தன. உள்ளூர் ஆட்டக்காரர் அந்த ஏற்பாட்டில் ஆட்டத்துக்குச் சில நிமிடங்களுக்காகப் போராட வேண்டியவர்.

இங்கே ஒரு கருத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். தமிழர் ஒருவர் கட்டி எழுப்பிய நிறுவனத்தின் பெயரோடு ஓர் அணி ஆசியான் பட்டத்தை வென்றது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் உச்சியில் பணம் இருந்தால் அடியில் ஆட்டக்காரர் தானாக முளைப்பார் என்ற நம்பிக்கையை அந்த வெற்றி உறுதிப்படுத்தவில்லை. கிண்ணம் வந்தது, ஆனால் அதன் பின்னே தமிழ்ப்பள்ளிகளில் கூடைப்பந்து அலை எதுவும் எழவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்று வந்தபோது லீக் பருவம் பாதியில் நின்றது, பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மாபா சங்கம் 2022-இல் மேஜர் கூடைப்பந்து லீக்கைத் தொடங்கியிருக்கிறது. லீக்குகள் வரும், போகும், விளம்பரதாரர்கள் மாறுவார்கள். ஊருக்குள் நிலைத்து நிற்கும் சிமெண்டுத் தளம் மட்டும்தான் அடுத்த லீக்குக்கும் ஆட்டக்காரரைத் தயாராக வைத்திருக்கிறது.

இப்போது டெங்கில். இன்றைய புத்ராஜெயாவின் பிரதமர் அலுவலகமும் ஏரியும் பள்ளிவாசலும் நிற்கும் நிலம் முன்பு பிராங் பெசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கமும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. ரப்பர் உலகில் பி.பி. என்ற எழுத்துகளோடு வரும் கன்று வகைகள் அங்கே பிறந்தவை. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் விவசாயிகளுக்குக்கூட அந்தப் பெயர் பழக்கமானது. 1990-களில் புதிய நிர்வாகத் தலைநகர் என்ற முடிவு வந்ததும், பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் பாட்டாளிக் குடும்பங்கள், சுமார் 400, டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தாவின் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு மாறின. தரைவீடு வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. வீட்டைப் பற்றி நிறையப் பேசப்பட்டது, அதற்கு நியாயமும் உண்டு. பேசப்படாமல் போனது திடல். தரையில் வாழ்ந்த பிள்ளைகள் மாடிக்குப் போனபோது கால்பந்துக்கான அகன்ற புல்வெளியை இழந்தார்கள். அடுக்குமாடிக்கு இடையில் மிஞ்சுவது கார் நிறுத்துமிடமும் கான்கிரீட் தரையும். புதுக்கிராமத்தின் நெருக்கடியில் சீனப் பிள்ளைகளுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் எது பொருந்தியதோ, அதே ஆட்டம் இன்று டெங்கில் அடுக்குமாடியின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். நிலம் அதைச் சொல்கிறது. ஆட்டப் பழக்கம்தான் இன்னும் தோட்டத்துப் புல்தரையில் நிற்கிறது.

தமிழருக்கு இந்த ஆட்டத்தில் நாட்டமில்லை, அது சீனர் ஆட்டம் என்று ஒரு வாதம் உண்டு. தமிழ்நாட்டுக்கு ஒரு முறை போய்ப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. தேனி மாவட்டத்தின் பெரியகுளம் பெரிய நகரமல்ல. அங்கே சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் பி.டி. சிதன் நினைவுக் கிண்ணத்துக்காக ஆண்டுதோறும் கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ராணுவமும் ரயில்வேயும் வங்கிகளும் தங்கள் முதல் அணிகளை அனுப்புகின்றன. இரவு விளக்கொளியில் ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. கரூரிலும் கோயம்புத்தூரிலும் அதே போன்ற கிண்ணங்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. அங்கெல்லாம் ஆட்டத்தைக் கொண்டுவந்தது தமிழரின் குருதியில் ஓடும் ஏதோ ஒன்றல்ல. ஒரு கழகம், அதற்குச் சொந்தமான ஒரு களம், அதை விட்டுப்போகாத சில மனிதர்கள். சென்னையின் அனிதா பால்துரை பதினேழு ஆண்டுகள் இந்திய அணியில் ஆடினார், பத்தொன்பது வயதில் தலைவியானார், ஒன்பது ஆசிய வெற்றியாளர் போட்டிகளில் பங்கேற்றார். தாயான பிறகு திரும்பி வந்து 2017-இல் பெங்களூருவில் ஆசியக் கிண்ணத்தின் இரண்டாம் பிரிவில் இந்தியா வென்றபோது அணியை நடத்தியவரும் அவரே. 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். களம் கிடைத்த இடத்தில் தமிழ்ப் பெண் எவ்வளவு தூரம் போகிறாள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

உயரம் இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். உயரம் உதவும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மகசி போக்ஸ் என்.பி.ஏ.வில் பதினான்கு பருவங்கள் ஆடினார். நம்மிடமும் நீண்ட கைகள் இல்லாமலில்லை. ‘ஸ்பைடர்மேன்’ என்று மலேசியாவே கொண்டாடிய ஆர். ஆறுமுகம் அந்தக் கைகளோடு கோல் கம்பத்தைக் காத்து, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் நின்றார். அவர் வளர்ந்த சூழலில் நீண்ட கைகளுக்கு வலைக்காவலே வழி. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்டிமீட்டர். இலங்கைப் பள்ளிகளில் பெண்களுக்கு வலைப்பந்துக் களம் இருந்ததால் அவர் வலைப்பந்துக்குப் போனார். ஆசிய வெற்றியாளரானார், ஆஸ்திரேலியக் கிளப்புகளில் ஆடினார். கூடைப்பந்திலிருந்து கிளைத்த ஆட்டமே வலைப்பந்து. போர் சூழ்ந்த தீபகற்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் உயரம் வீணாகாமல் போனதற்குக் காரணம், பள்ளி முற்றத்தில் ஒரு கம்பமும் வளையமும் இருந்தது. டெங்கிலிலோ கிள்ளானிலோ அப்படியொரு பிள்ளை இருந்தால் அவளை யார் கண்டுபிடிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது ஆட்சேபம் பெற்றோருடையது, மிகவும் கனமானது. இதை வைத்து வாழ முடியுமா? உண்மையைச் சொல்ல வேண்டும். மலேசியாவில் கூடைப்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். என்.பி.ஏ.விலேயே ஒரு வீரரின் சராசரி ஆட்டக்காலம் நான்கைந்து ஆண்டுகள்தான். பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரிலிருந்து லூதியானா பயிற்சி மையத்துக்கு வந்து, பயிற்சியாளர் எஸ். சுப்ரமணியன் கையில் உருவாகி, 2015-இல் டாலஸ் மாவெரிக்ஸ் அணியால் 52-ஆவது தேர்வாக எடுக்கப்பட்ட சத்னாம் சிங், என்.பி.ஏ.வின் ஓர் ஆட்டத்தில்கூட இறங்காமல் மல்யுத்த மேடைக்குப் போனார். ஆகவே என் வாதம் ஒவ்வொரு பிள்ளையும் தொழில்முறை வீரராக வேண்டும் என்பதன்று. தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்தைத் தாங்கி நிற்பது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள்: தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை. அனிதாவும் தெற்கு ரயில்வே ஊழியரே. ஆடும் காலம் முடிந்தாலும் சம்பளம் நிற்காது. ஒரு காலத்தில் மலேசிய ரயில்வேயும் தொலைத்தொடர்புத் துறையும் தமிழ் ஆட்டக்காரர்களுக்கு இதையே செய்தன. தனியார்மயம் அந்த வாசல்களை ஒவ்வொன்றாகச் சாத்தியது. இன்று மிஞ்சியிருப்பது கல்வி வழி. தனியார் பல்கலைக்கழகங்கள் சில நல்ல கூடைப்பந்தாட்டக்காரருக்குப் படிப்புக் கட்டணத்தில் சலுகை தருகின்றன. பயிற்றுநர், நடுவர், உடற்பயிற்சி வல்லுநர், இயன்முறை மருத்துவர் என்று களத்தைச் சுற்றி வேலைகள் உண்டு. வாடகை கட்டி மாதம் ஓட்டும் குடும்பத்துக்கு, பிள்ளையின் பட்டப்படிப்புச் செலவில் பாதி குறைந்தால் அது சிறிய காரியமல்ல.

வீடு, வேலை, பள்ளி நிலம் என்று தலைக்கு மேல் பிரச்சினை இருக்கும் சமூகத்துக்குக் கூடைப்பந்து ஓர் ஆடம்பரம் என்றும் சொல்லலாம். இதைச் சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. திடல் பறிபோனதும் வீடு பறிபோனதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள். இரண்டையும் ஒன்றாகவே கேட்டிருக்க வேண்டும். வேலையில்லாத மாலை நேரமும் கூடும் இடமில்லாத இளைஞர்களும் அடுக்குமாடிப் பகுதிகளில் எதைக் கொண்டுவந்தன என்பது மலேசியத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எவருக்கும் புதிதல்ல. புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் பக்கத்திலேயே அருமையான வசதிகளோடு இருக்கின்றனவே என்றும் ஒரு பதில் வரும். காரில் போகிறவருக்கு அவை பக்கம். நெடுஞ்சாலையை நடந்து கடக்க முடியாத பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவை வேறு நாடு. கூடைப்பந்து தினமும் ஆட வேண்டிய ஆட்டம். வாரத்துக்கு ஒருநாள் அப்பா ஓய்வாக இருந்தால் போய்வரும் களம் ஆட்டக்காரரை உருவாக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனச் சமூகம் கட்டி வளர்த்த ஆட்டத்தில் நாம் புகுவது போட்டியாகத் தோன்றக் கூடாது. சீ விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸை மீறி 1979-லும் 1989-லும் ஆடவர் தங்கத்தை மலேசியாவுக்கு வாங்கித் தந்தது அந்தச் சமூகத்தின் உழைப்பு. 2017-இல் கோலாலம்பூரில் மகளிர் வென்ற தங்கமும் அப்படியே. அந்த அறிவு புதுக்கிராமங்களில் ஓய்வுபெற்ற பயிற்றுநர்களிடம் இருக்கிறது. ஆடவரின் அடுத்த தங்கத்துக்காக நாடு மூன்று பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறது. நாட்டின் பிள்ளைகளில் ஒரு பகுதியிலிருந்து மட்டுமே அணியைத் தேர்ந்தெடுத்தால் காத்திருப்பு நீளவே செய்யும். தமிழ்ப்பள்ளியும் பக்கத்துச் சீனப் பள்ளியும் சனிக்கிழமைகளில் ஒரே களத்தில் ஆடத் தொடங்கினால் இரண்டு பக்கமும் ஆதாயம்.

செலவைப் பற்றிய பயமும் பெரும்பாலும் கற்பனையே. முழுக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்கு இடமில்லாவிட்டால் மூவர் கூடைப்பந்து இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது பதக்கம் தரும் ஆட்டம். அதற்கு வேண்டியது 15 மீட்டருக்கு 11 மீட்டர் தளமும், 3.05 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு வளையமும். அனிதா பால்துரையின் அணி 2012-இல் சீனாவின் ஹையாங்கில் ஆசியக் கடற்கரை விளையாட்டுத் தங்கத்தை வென்றதும் இந்த மூவர் ஆட்டத்தில்தான். ஒரு தமிழ்ப்பள்ளியின் சபைகூடல் தளமே இந்த அளவுக்குப் போதும். கோடு போடச் சாயம், ஒரு கம்பம், பத்துப் பந்து. ஆனால் அந்தத் தளம் பள்ளியின் பெயரில், அல்லது குடியிருப்போர் சங்கத்தின் பெயரில், எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தோட்டத் திடல் கற்றுத்தந்த பாடத்தை இன்னொரு முறை கட்டணம் கட்டிப் படிக்க வேண்டாம்.

ஆகவே டெங்கிலில் மட்டுமல்ல, கிள்ளானிலும் பூச்சோங்கிலும் காஜாங்கிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒரு வளையத்துக்கு ஒதுக்குங்கள். பக்கத்துப் புதுக்கிராமத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு பயிற்றுநரைப் போய்ப் பார்த்து, வாரம் மூன்று மாலை வரச் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளைகளை எந்த இடைநிலைப்பள்ளி அணியில் சேர்ப்பது என்று அப்போதே அந்தப் பள்ளி ஆசிரியரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். குகனேஸ்வரனையும் சத்தியசீலனையும் போன்ற முன்னாள் ஆட்டக்காரர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். பிள்ளைகள் அவர்களோடு ஒரு மாலை ஆடட்டும். கம்பத்தை நடும் முன், அது நிற்கப்போகும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மறக்காமல் நில அலுவலகத்தில் பாருங்கள்.